அண்ணாச்சி பதில்கள்: மிலன் பேராலயம்

கேள்வி: அண்ணாச்சி, நான் எங்கூரு ஊசிக்கோபுர சர்ச்சைப் பாத்தே வளந்தவ. இத்தாலில மிலன் சர்ச்சைக் கட்டி முடிக்க அறுநூறு வருசம் ஆச்சுன்னு மவன் சொல்லுதான். அப்படி என்ன இழுபறி? தோலுரிச்ச சாமி சிலை ஒண்ணு வேற உள்ள நிக்காமே?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மவன் சொல்லுதது கிட்டத்தட்ட சரிதான் தங்கச்சி. ஆரம்பிச்சது 1386, கடைசி வெண்கலக் கதவை மாட்டுனது 1965. அதுக்காவ சோம்பேறிப் பயலுவன்னு நெனச்சிராத. மொதல்ல செங்கல்லுலதான் கட்டுததா இருந்தாவ, ஊரை ஆண்ட ஜான் கலேயாஸ்ஸோ விஸ்கோந்தி பளிங்குதான் வேணும்னுட்டாரு, கந்தோலியா மலையில குவாரியையும் குடுத்துட்டாரு, அங்கேருந்து மஜ்ஜோரே ஏரி, டிசினோ ஆறு, அப்புறம் வாய்க்கால்னு படகுலயே கல்லு மிலனுக்குள்ள வந்து எறங்கிருக்கு, கோயில் கல்லு ஏத்துன படகுன்னா சுங்கமும் கெடயாது. 1387-ல போட்ட கோயில் நிர்வாகம் இன்னைக்கும் இருக்கு, அதே மலைக் கல்லை வெட்டித்தான் பழுது பாக்காவ.

நெசமான இழுபறி மேஸ்திரிமாருக்குள்ள. ஆல்ப்ஸுக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஜெர்மன்காரன், பிரெஞ்சுக்காரன்னு ஆள் கூப்பிடுவாவ, வந்தவன் ஒண்ணு சொல்வான், உள்ளூர்க்காரன் ஒண்ணு சொல்வான். பாரிஸ்லேருந்து வந்த ஜான் மின்யோ, 1400 வாக்குல, இந்தக் கட்டடம் தாங்காது, கைவேலை மட்டும் இருந்தாப் போதுமா, சாஸ்திரம் வேண்டாமான்னு ஒரே சண்டை. கடைசில அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாவ. கட்டடம் அசையாம நிக்கி!

முகப்பு மட்டும் பல காலமா அரைகுறை. நெப்போலியன் 1805-ல அங்கதான் இத்தாலி ராஜாவா முடிசூடினான், முகப்பை முடிங்கலேன்னான், 1813-க்குள்ள முடிஞ்சிட்டு. கீழ வாசல் ஒரு பாணி, மேல கோத்திக்குங்கற பழைய ஐரோப்பியப் பாணியில ஊசின்னு எனக்கென்னமோ அது ஒட்டவே இல்ல.

நீ கேட்ட சிலை பர்த்தலமேயு, இயேசுவோட சீடர். உயிரோட தோலை உரிச்சிக் கொன்னாவங்கறது மரபா சொல்லுத கத. மார்க்கோ தக்ராத்தே 1562-ல செஞ்சது. ஒடம்பு முழுக்க நரம்பும் தசையுமா நிக்காரு, உரிச்ச தோலு நம்மாளு துண்டு போட்ட கணக்கா தோள்ல கெடக்கு, கையில புஸ்தகம் வேற. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைய வரைபடத்துக்குப் பதிலா இதையே பாத்துப் படிக்கலாம். அடியில சிற்பி என்ன வெட்டி வச்சிருக்கான் தெரியுமா, "என்னைச் செஞ்சது பிராக்சிடலீஸ் இல்ல, மார்க்கோ தக்ராத்தே"ன்னு! பிராக்சிடலீஸ்னா பழைய கிரேக்கத்துப் பெரிய சிற்பி. இவன் வாய்க்கொழுப்பைப் பாரேன்.

மவன் அந்தப் பக்கம் போனான்னா கூரை மேல ஏறிப் பாக்கச் சொல்லு, லிஃப்ட் இருக்கு. நூத்துக்கும் மேல ஊசிக்கோபுரம், உச்சியில 1774-ல வச்ச தங்கமுலாம் மாதா. கீழேருந்து அண்ணாந்து பாத்தா ஒண்ணும் வெளங்காது, கழுத்துதான் வலிக்கும்.