வாங்கிய காரை வரி இல்லாமல் வீடுவரை ஓட்டி வரலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒருவரிடம் பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன், நான் இருப்பது குரொய்டனில். ஞாயிறு பின்னேரம்தான் போய் எடுக்க முடியும். "நாலு மாத ரோட் டாக்ஸ் மிச்சம் இருக்கு, அதிலேயே ஓட்டிக்கொண்டு போங்கோ, புது ஆளுக்கு அஞ்சு நாள் தவணை தருவாங்கள்" என்கிறார் விற்பவர். என் காப்புறுதியில் வேறு கார்களும் ஓட்டலாம் என்று இருக்கிறது. திங்கட்கிழமை வரி கட்டினால் போதாதா?

பதில்: போதாது. ஐந்து நாள் தவணை என்று ஒன்றும் கிடையாது, பதினாலு நாளும் கிடையாது, ஒரு மணித்தியாலம்கூடக் கிடையாது. 2014 ஒக்டோபர் 1 முதல் கார் கைமாறினால் வரி கூடவே வராது. வாகனப் பதிவையும் வரியையும் பார்க்கும் அரசாங்க அலுவலகமான டிவிஎல்ஏக்கு விற்பவர் அறிவித்ததும் அவருடைய வரி ரத்தாகி, மிச்ச முழு மாதங்களுக்கான காசு அவருக்கே திரும்பிப் போகும். அவர் சொல்லும் அந்த நாலு மாதம் அவருடையது, உங்களுடையது இல்லை. முன்பு கண்ணாடியில் ஒட்டும் வட்டக் கடதாசி இருந்தது, அதோடு சேர்த்துக் காரை விற்றார்கள், அந்தப் பழக்கத்தில்தான் இன்னும் பலர் இப்படிச் சொல்கிறார்கள். இப்போது வீதியோரக் கமெரா இலக்கத்தகட்டைப் படித்தாலே வரி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பிடிபட்டால் என்ன நடக்கும்? வழக்குக்குப் போகாமல் முடித்தால் 30 பவுணும் நிலுவை வரியின் ஒன்றரை மடங்கும். நீதிமன்றம் போனால் 1,000 பவுண் வரை, அல்லது வருட வரியின் ஐந்து மடங்கு, இரண்டில் எது பெரிதோ அது. முந்திய ஆள் காரை வீதியில் ஓட்டுவதில்லை என்று அறிவித்து வைத்திருந்தால், அதாவது 'சோர்ன்' செய்திருந்தால், அதுவும் உங்களுக்குக் கைமாறாது, வரியில்லாத காராகத்தான் உங்கள் கைக்கு வரும். வீட்டுக்கு முன்னால் தெருவில் சும்மா நிறுத்தி வைத்தாலும் சக்கரத்துக்குப் பூட்டுப் போடலாம். பூட்டை எடுக்க 100 பவுண், அந்த நேரத்தில் வரி கட்டியதைக் காட்ட முடியாவிட்டால் இன்னும் 160 பவுண் பிணை.

இவ்வளவுக்கும் தேவையே இல்லை, ஏனென்றால் வரி கட்டுவது ஐந்து நிமிட வேலை, ஞாயிறு இரவிலும் முடியும். காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கில் புது ஆளுக்கென்று கிழித்துத் தரும் பச்சைத் துண்டு இருக்கிறதே, அதில் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அதை வைத்து அரசாங்கத் தளத்திலோ தொலைபேசியிலோ விற்பவரின் வாசலில் நின்றே கட்டிவிடலாம்.

ஒரேயொரு எரிச்சல்: நீங்கள் மாதக் கடைசியில் வாங்கினாலும் அந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து வரி எடுப்பார்கள், விற்றவருக்கோ அந்த மாதத்துக்குக் காசு திரும்பாது. ஒரே கார், ஒரே மாதம், இரண்டு பேரிடம் வரி. இத்தனை வருடமாக இதைத் திருத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை, ஆனால் நீங்கள் ஒரு நாள் பிந்தினால் மட்டும் கணினி தானாகவே 80 பவுண் தண்டக் கடிதம் அடித்து அனுப்பும். முடிந்தால் முதலாம் திகதிவரை பொறுத்து எடுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது அந்தப் பச்சைத் துண்டைப் பற்றித்தான். "லொக் புக் தபாலில் வருகிறது, பிறகு அனுப்புகிறேன்", "இது நண்பருடைய கார், அவர் ஊருக்குப் போய்விட்டார், நான்தான் விற்றுக் கொடுக்கிறேன்", "பேப்பர் வேலை எல்லாம் நான் பார்க்கிறேன், ஐம்பது பவுண் தாங்கோ". இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். காரை வாங்கித் தன் பெயரில் பதியாமலே அடுத்தவர் தலையில் கட்டுகிற தரகர்கள் நம் ஆட்களுக்குள்ளும் இருக்கிறார்கள், தெரிந்தவர் என்ற ஒன்றையே முதலாக வைத்துப் பிழைக்கிறார்கள். இன்னொரு பக்கம் அரசாங்கத் தளம் போலவே தோற்றம் காட்டி, வரி கட்டித் தருகிறோம் என்று மேலதிகக் காசு பிடுங்கும் இணையத்தளங்கள். வரியைத் தவிர வேறு எந்தக் கட்டணமும் இதற்குக் கிடையாது. தேடுபொறியில் முதலாவதாக வருவதை அமத்தாமல் முகவரியைப் பார்த்துப் போங்கள்.

சரி, எம்ஓடி விஷயம், அதாவது கார் வீதியில் ஓடத் தகுந்ததா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை. எம்ஓடி முடிந்த காருக்கு வரி கட்ட முடியாது, வரியில்லாமல் ஓட்டவும் முடியாது, அப்படியென்றால் காரை எப்படிச் சோதனைக்குக் கொண்டுபோவது? இதற்கு மட்டும் சட்டம் வழி விட்டிருக்கிறது: முன்கூட்டியே பதிவு செய்த எம்ஓடி சோதனைக்குப் போகும்போதும், அதிலிருந்து திரும்பும்போதும் வரி தேவையில்லை. இதைக் கேள்விப்பட்டதும் சிலர் போடும் கணக்கு, வீட்டுக்குப் பக்கத்து கராஜில் பதிந்துவிட்டு நூறு மைல் ஓட்டி வந்துவிடலாம் என்பது. எத்தனை மைல் என்று சட்டம் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பயணம் சோதனைக்காக மட்டுமே இருக்க வேண்டும். குறித்த நாளில் குறித்த நேரத்துக்குப் பதிந்திருக்க வேண்டும், வழியில் கடைக்கும் மாமா வீட்டுக்கும் போனால் அந்த விலக்கு போய்விடும். ஞாயிறு பின்னேரம் ஓட்டிவந்து "செவ்வாய்க்கிழமைக்குப் பதிந்திருக்கிறேன்" என்றால் பொலிஸ் கேட்காது. அதைவிட, பிறேக்கும் டயரும் எப்படி என்று தெரியாத காரை நெடுஞ்சாலையில் ஓட்டி வருவது உயிரோடு விளையாடுவது. கார் ஆபத்தான நிலையில் இருந்தால் சோதனைக்குத்தான் போகிறேன் என்பது உங்களைக் காப்பாற்றாது, அது தனிக் குற்றம். விற்பவரையே அங்கே எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள், எடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

இனி காப்புறுதி, வரியைவிடப் பெரிய ஆபத்து இதுதான். வரியில்லாமல் ஓட்டினால் காசு போகும், ஆனால் லைசென்ஸில் புள்ளி விழாது. காப்புறுதி இல்லாவிட்டால் 300 பவுணும் ஆறு புள்ளியும், காரை அந்த இடத்திலேயே பறிமுதல் செய்யலாம், லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் என்றால் அந்த ஆறு புள்ளியோடு லைசென்ஸே போய்விடும். நீங்கள் நம்பியிருக்கும் அந்த 'வேறு கார்' வசதி வழக்கமாக உங்களுக்குச் சொந்தமில்லாத கார்களுக்கு மட்டும்தான். காசைக் கொடுத்த நிமிடத்திலிருந்து இது உங்கள் கார். ஆகவே போகும் முன்பே காப்புறுதிக் கம்பனியுடன் பேசி இந்த இலக்கத்தகட்டைச் சேர்த்துவிடுங்கள், அல்லது ஒரு நாள் காப்புறுதி எடுங்கள்.

அங்கே போனதும் லொக் புக்கில் உள்ள பெயரையும் விற்பவரின் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சைத் துண்டைக் கையில் வாங்கியபின் காசை அனுப்புங்கள், உடனேயே வரியைக் கட்டுங்கள். கைமாற்றத்தை விற்பவர் உங்கள் முன்னாலேயே ஒன்லைனில் டிவிஎல்ஏக்கு அறிவிக்கட்டும். துண்டைப் பிறகு தருகிறேன் என்று அவர் இழுத்தால், திரும்பி வர ரயில் இருக்கிறதா என்று பாருங்கள்.