சாப்பாட்டில் மாத்திரை கலந்து குடியை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காஷ்மீரில் பல வருடம் இருந்தார். எங்கள் வீடு உச்சிப்புளி பக்கம். கடற்படை ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் அவருக்கு முகமெல்லாம் வெளிறிவிடுகிறது. ராத்திரியில் கத்திக்கொண்டு எழுகிறார். குடிக்காமல் தூங்குவதில்லை. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க ஒரு மாத்திரை இருக்கிறதாம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அப்படிக் கலப்பது பெரும்பாலும் டைசல்பிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரே ஈரல், இதயம் எல்லாம் பார்த்து, அவர் சம்மதத்தோடுதான் தருவார். அதோடு, எந்நேரமும் உஷாராகவே இருக்கும் மனிதருக்கு வீட்டுச் சோற்றின் மீதே சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் யாரை நம்புவார்?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போர்க்கள அதிர்ச்சி அவரை இன்னும் விடவில்லை என்றே தோன்றுகிறது. பிடிஎஸ்டி என்பார்கள். குடி, அவராகத் தேடிக்கொண்ட தூக்க மருந்து. முதலில் அசத்தும். பின்னிரவில் போதை இறங்கும்போது தூக்கம் கலைந்து கெட்ட கனவு கூடும். அதனால் மறுநாள் கூடுதலாகக் குடிப்பார். குடியை மட்டும் நிறுத்திக் கனவுகளை அப்படியே விட்டால் திரும்பக் குடிப்பார். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும்.

வீட்டிலேயே திடீரென்று நிறுத்தவும் வைக்காதீர்கள். தினமும் நிறையக் குடித்தவருக்கு சில மணி நேரத்தில் கை நடுங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாத ஆட்களோடு பேசலாம். இதைப் பேய் என்று நினைத்து ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்கள் உண்டு. துவா செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் ஆஸ்பத்திரி. 2001-ல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதை நம் மாவட்டம் மறக்கக் கூடாது.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் பரிந்துரை வாங்கலாம். "குடிக்கு வைத்தியம்" என்று சொன்னால் வரமாட்டார். காலையில், போதை இல்லாத நேரத்தில், "தூக்கமே இல்லையே, டாக்டரைப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். தூக்கம் கெடுவதை எந்தப் படைவீரரும் மறுக்கமாட்டார்.

கனவில் கத்தும்போது தொட்டு உலுக்காதீர்கள், எதிரி என்று நினைத்து அடித்துவிடக்கூடும். விளக்கைப் போட்டு, கால் பக்கம் தள்ளி நின்று கூப்பிடுங்கள். இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்: "நம்ம வீட்டுலதாங்க இருக்கீங்க."

ஓய்வுக்குப் பிறகு காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வாங்கியிருந்தால் அது இப்போது வீட்டில் இருக்கக் கூடாது. நம்பிக்கையான உறவினர் மூலம் காவல் நிலையத்தில் பேசி ஒப்படையுங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் உடனே அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்களுக்கு மனசு தாங்காதபோதும் அதே எண்தான்.