டைமிங் செயினைக் கையில் ஆட்டிப் பார்த்தால் போதுமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புகை அதிகமாகி இன்ஜினை இறக்கியாகிவிட்டது. மெக்கானிக் டைமிங் செயினைக் கழுவி, கையில் ஆட்டிக் காட்டி, "நல்லாத்தான் இருக்குண்ணே, இதையே போட்டுக்கலாம்" என்கிறார். கடையிலோ செயின் கிட் மூன்று விலையில் இருக்கிறது. பழையதையே போடலாமா? புதிது என்றால் எதை வாங்குவது?

பதில்: மெக்கானிக் உங்களை ஏமாற்றவில்லை. டீசலில் கழுவி எடுத்தால் எந்தச் செயினும் கையில் நன்றாகத்தான் இருக்கும். தேய்மானம் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சங்கடம்.

டைமிங் செயின் என்பது கிரான்க்கின் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) சுழற்சியைக் கேமுக்கு (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கொண்டுபோகும் சங்கிலி. அது நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்கிறோமே தவிர, பிளேட் ஒன்றும் ரப்பர் போல இழுபடுவதில்லை. உள்ளே பின்னும் (லிங்க்குகளை இணைக்கும் சிறு கம்பி) புஷ்ஷும் (அதைச் சுற்றியுள்ள குழல்) உரசித் தேய்கின்றன. ஒரு மூட்டில் அது மயிரிழை அளவுதான். எல்லா மூட்டும் சேரும்போது மொத்த நீளம் கூடிவிடுகிறது. டீசல் இன்ஜினில் ஆயிலோடு கலக்கும் கரி இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்தும். அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

"டென்ஷனர்தான் (செயினை அழுத்திப் பிடிக்கும் பாகம்) லூஸை எடுத்துவிடுமே" என்பார்கள். எடுக்கும், ஆனால் தொய்வான பக்கத்தில் மட்டும். கிரான்க் இழுக்கும் பக்கம் நீண்டிருந்தால் கேம் பின்தங்கியே சுற்றும். கேம் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் மாட்டும் பல்சக்கரம்) சுற்றளவு 180 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் 1 மி.மீ. நீண்டால் கேம் 2 டிகிரி தள்ளிப்போகும், கேமின் ஒரு சுற்றுக்குக் கிரான்க் இரண்டு சுற்று என்பதால், கிரான்க் கணக்கில் அது 4 டிகிரி. சத்தமே வராமல் இழுவை குறைவது இப்படித்தான்.

சரி, எப்படி அளப்பது? செயினின் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் இரண்டு மூன்று கிலோ எடை தொங்கவிடுங்கள். ஒரு பின்னின் மேல் விளிம்பிலிருந்து 20 லிங்க் தள்ளியிருக்கும் பின்னின் மேல் விளிம்பு வரை வெர்னியரால் (துல்லிய அளவுக் கருவி) அளவெடுங்கள். தேய்மானம் எங்கும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் நான்கைந்து இடத்தில் பார்க்க வேண்டும். சர்வீஸ் மேனுவலில் வரம்பு இருந்தால் அதுவே கடைசிச் சொல். இல்லாவிட்டால் புதுச் செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள். 8 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த இரு பின்களுக்கு இடையிலான தூரம்) செயினில் 20 லிங்க் என்பது 160 மி.மீ. அது 160.8 ஆகிவிட்டால், அதாவது அரை சதவீதம் கூடியிருந்தால், நான் திரும்பப் போடமாட்டேன். 1 சதவீதம் என்றால் பேச்சே இல்லை.

வெர்னியர் இல்லையா? பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும். இது குத்துமதிப்புதான், அளவுக்கு ஈடாகாது.

கழற்றுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் இதைவிட எளிதான வழி ஒன்று இருந்தது: டென்ஷனரின் பிளஞ்சர் (செயினை நோக்கித் தள்ளும் தண்டு) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்ப்பது. கடைசிவரை வந்திருந்தால் செயினோ கைடோ (செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டை) முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

செயினை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகக் கொக்கி போலச் சாய்ந்திருக்கிறதா, கைடின் பிளாஸ்டிக்கில் ஆழமாகத் தடம் விழுந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் சம்ப்பைக் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றி சல்லடையையும் பார்க்கவேண்டும். அங்கே பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் அது கைடிலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டி அனுப்பினேன். வருடம் திரும்புவதற்குள் அதே வண்டி அதே சத்தத்தோடு வாசலில் நின்றது. செயின் பிளேட்டின் பக்கவாட்டு ஒருபுறம் மட்டும் பளபளத்தால் ஸ்ப்ராக்கெட்டுகள் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதிதைப் போட்டும் பயனில்லை.

புதிது வாங்கும்போது டப்பாவை நம்பாதீர்கள், செயினைப் பாருங்கள். பிளேட்டில் தயாரிப்பாளரின் முத்திரை தெளிவாக இருக்கவேண்டும். பின்களின் ரிவெட் தலை எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கவேண்டும். ஒவ்வொரு மூட்டையும் விரலால் மடக்கிப் பாருங்கள், ஒன்றுகூட இறுகி நிற்கக் கூடாது. கோவையின் எல்.ஜி.பி., சென்னையின் டி.ஐ.டி.சி. என்று நம் ஊரிலேயே செயின் செய்யும் பெரிய நிறுவனங்கள் உண்டு. உங்கள் இன்ஜின் நம்பருக்கு எது பொருந்தும் என்று பார்ட் நம்பரை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்றில் மலிவானதை மட்டும் விட்டுவிடுங்கள். மலிவுச் செயினில் பின்னின் மேற்பரப்புக் கடினத்தில்தான் கைவைப்பார்கள், அது வெளியே தெரியவே தெரியாது.

உங்கள் வண்டிக்கு என் யோசனை: அளவு தேறினாலும் செயின், டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பெரிய செலவு இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலிதான், அதை எப்படியும் கொடுக்கப்போகிறீர்கள். வேறு சின்ன வேலைக்காகத் திறந்திருந்தால் அளந்து பார்த்துப் பழையதையே போடச் சொல்லியிருப்பேன்.

மாட்டும் முன் செயினை ஆயிலில் ஊறவைக்கச் சொல்லுங்கள். டைமிங் மார்க்குகளை (கிரான்க், கேம் நிலையைக் காட்டும் குறிகள்) பொருத்தி வைத்தபிறகு கிரான்க்கைக் கையால், ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி சரிபார்க்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் டென்ஷனருக்கு ஆயில் ஏறும்வரை ஓரிரு நொடி கடகடப்பு வரலாம். அது நிற்காமல் தொடர்ந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு, அப்புறம் கவரைத் திறந்து பாருங்கள்.