மகள் வீட்டு விறகு உலை

கேள்வி: ஐயா, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கும் என் மகள், குளிருக்கு வீட்டுக்கு வெளியே நிறுத்தும் விறகு உலை வாங்கப்போகிறாள். இருப்பதிலேயே பெரியதுதான் வேண்டும் என்கிறார் மருமகன். சரியா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பினாங்கில் மின்விசிறியடியில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுதுவது வேடிக்கைதான் அம்மா. ஆனால் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகையில் பதினோரு ஆண்டுகள் விறகு போட்டவன் நான்.

பெரியது வேண்டாம். அந்த உலை தண்ணீரைச் சூடாக்கி, மண்ணுக்கடியில் போகும் குழாயில் வீட்டுக்கு அனுப்புகிறது. சூடு போதுமானதும் காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். உலை தேவைக்கு மேல் பெரிதானால் பாதி நேரம் மூடியே கிடக்கும். விறகு எரியாமல் புகையும், உள்ளே தார் படியும், அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். எங்களுக்குப் புகைதான் வேண்டியிருந்தது, பச்சைக் கட்டையையும் திணித்தோம். உங்கள் மகளுக்கு நேர்மாறு. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இரண்டு கட்டைகளை மோதினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னொரு கோடை காயட்டும்.

2020 மே 15 முதல் நடப்பிலுள்ள அரசாங்கப் புகை வரம்புக்குச் சான்றிதழ் பெற்ற உலையா என்று கேட்கச் சொல்லுங்கள். பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்வெட்டுக்கும் வழி செய்யட்டும்.

குழாயில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மட்டமான உறை போட்டால், முற்றத்துப் பனியில் குழாய் போகும் தடம் மட்டும் உருகிக் கோடாகத் தெரியும்.