வரைந்து பிழைக்க முடியுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. ஓவியர்கள் பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவார்கள், கேட்டவர்களுக்குப் பாராட்டு.

மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். கவின்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். இந்தப் படிப்பு சோறு போடுமா? — ஒரு தந்தை, திருச்சி

படிப்பு போடும். ஓவியம் விற்று மட்டும் சாப்பிடுவது என்றால், முதல் பத்தாண்டுகளுக்கு அது நடக்காது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

சென்னையில் 1850-இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது; கும்பகோணத்தில் இன்னொன்று. மரபுச் சிற்பமும் மரபு ஓவியமும் என்றால் மாமல்லபுரம். மூன்றுமே அரசுக் கல்லூரிகள், ஆகவே கட்டணம் உங்கள் கழுத்தை நெரிக்காது. உங்கள் மகள் ஓவியத் துறையைத்தான் கேட்பாள். காட்சித் தொடர்பு வடிவமைப்பு, ஜவுளி வடிவமைப்பு, பீங்கான் ஆகிய துறைகளையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். ஜவுளித் துறையில் படித்தவர்கள் ஓவியம் வரையக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கோட்டோவியங்களால் பெயர் பெற்ற கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்தான்.

ஆசிரியர் வேலையையே பலர் நம்பியிருக்கிறார்கள். அங்கே மேடும் பள்ளமும் அதிகம். கேந்திரிய வித்யாலயாவில் நிரந்தர ஓவிய ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். மாநில அரசுப் பள்ளிகளில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அது 12,500-ஐ எட்டவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். ஒரே தூரிகை, ஒரே பாடம், சம்பளத்தில் மட்டும் இத்தனை தூரம். முதுகலையும் நெட் தேர்வும் முடித்துக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆனால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் அந்த இடங்கள் எப்போதாவதுதான் காலியாகும்.

'இரண்டு வேலை பார்த்தால் கலை கெட்டுப்போகும்' என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்துக்குக் கூட்டிப்போங்கள். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். நிலம் வாங்கியதும் வீடு கட்டியதும் பெரும்பாலும் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணி உள்ளிட்ட கைவினைப் பொருள்களை விற்ற காசில்தான். அந்தப் பாத்திக் பணத்தில் வாங்கிய நேரத்தில்தான் அவர்கள் தங்கள் ஓவியங்களை வரைந்தார்கள்.

என் ஓவியத்துக்கு என்ன விலை சொல்வது? சதுர அங்குலக் கணக்கு சரியா? — கோயம்புத்தூர்

தொடக்க நிலையில் அதைவிட நல்ல கணக்கு இல்லை. வாங்குபவரிடம் விளக்குவது எளிது, உங்களுக்கும் தடுமாற்றம் இராது. ஆனால் விலையைச் சொல்வதற்கு முன் கடைசி ரூபாய்வரை போட்டுப் பாருங்கள்.

30க்கு 36 அங்குலக் கேன்வாஸ் என்று வைத்துக்கொள்வோம். 1,080 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 25 ரூபாய் என்றால் 27,000. கேலரிகள் பொதுவாக 30 முதல் 50 சதவீதம்வரை எடுத்துக்கொள்ளும். 40 என்றால் 10,800 போய்விடும். மீதி 16,200. கேன்வாஸ், வண்ணம், பிரேம், வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்து 6,700 ஆகிறது என்றால், கையில் நிற்பது 9,500. அந்த ஓவியத்துக்குப் பதினைந்து நாள் உழைத்திருந்தால் ஒரு நாளுக்கு 633 ரூபாய். கோயம்புத்தூரில் வீட்டுச் சுவருக்கு பெயிண்ட் அடிப்பவர் இந்தக் கூலிக்கு ஏணியில் ஏற மாட்டார்.

இதைப் பார்த்துவிட்டு உடனே அங்குலத்துக்கு நூறு ரூபாய் என்று ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிய விலையை இறக்கினால், முன்பு வாங்கியவர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். ஒரு கண்காட்சியில் பாதிக்கு மேல் விற்றுப்போனால் அடுத்த கண்காட்சியில் பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டுங்கள். சின்ன அளவுக் கேன்வாஸுக்கு அங்குல விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும், ஏனென்றால் பிரேம் போடுகிறவர் அளவு சின்னது என்று உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் குறைத்துவிட மாட்டார். முக்கியமாக, கேலரியில் 27,000 என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு வருபவரிடம் 16,000-க்குக் கொடுக்காதீர்கள். கேலரிக்காரர் காதுக்கு அது ஒரு வாரத்தில் போய்விடும்.

ஓவியத்துக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்கள் விற்பனை பதிவு வரம்பைத் தொடாதவரை அந்தக் கணக்கைக் கேலரியே பார்த்துக்கொள்ளும்.

எம்.எஃப். ஹுசைன் ஓவியம் 118 கோடிக்கு விற்றதாகப் படித்தேன். அவர் குடும்பத்துக்கு அதில் எவ்வளவு போகும்? — மதுரை

'கிராம் யாத்ரா' ஓவியத்தைச் சொல்கிறீர்கள். 1954-இல் வரைந்தது. அந்த ஆண்டே டெல்லிக்கு வந்திருந்த ஒரு நார்வே மருத்துவர் அதை வாங்கினார். பிறகு ஆஸ்லோவில் உள்ள மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் போனது. பணம் மருத்துவமனைப் பக்கம் போனது. வாரிசுகளுக்கு அந்த விற்பனையில் சட்டப்படியான பங்கு இல்லை, அமெரிக்காவில் அப்படி ஓர் உரிமையே கிடையாது.

இந்தியாவில் உண்டு, காகிதத்தில். பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 1994 திருத்தத்தில் வந்தது. அசல் ஓவியம் மறுபடி 10,000 ரூபாய்க்கு மேல் விற்றால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு, உச்சவரம்பு 10 சதவீதம். அப்படிக் கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. யாரிடம் விற்றீர்கள் என்ற பதிவே நம்மவர்களிடம் இருப்பதில்லை, பிறகு எங்கே போய்க் கேட்பது? விற்கிற ஒவ்வொரு ஓவியத்துக்கும் படம், அளவு, தேதி, வாங்கியவர் பெயர், விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஹுசைன் தொடக்க காலத்தில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர் என்பதையும் அந்த 118 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு ஜவுளிக்கடை முதலாளி தன் தந்தையின் உருவப்படத்தை என்னிடம் வரையச் சொல்லி வாங்கினார். இப்போது அது அவர்கள் கடைக் காலண்டரில் வந்திருக்கிறது. பணம் கேட்கலாமா? — சேலம்

கேட்கலாம், சட்டம் உங்கள் பக்கம் இல்லை. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. அடுத்த முறை முன்பணம் வாங்கும்போதே 'அச்சிடும் உரிமை ஓவியருக்கு' என்று ரசீதில் ஒரு வரி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக வரைந்து பிறகு விற்ற ஓவியம் என்றால் நிலைமை தலைகீழ். கேன்வாஸ் அவருடையது, அச்சிடும் உரிமை உங்களுடையது.

உரிமை போனாலும் போகாத ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரை மறைக்கவோ, உங்கள் மதிப்புக்குக் கேடு வரும்படி ஓவியத்தைச் சிதைக்கவோ அவருக்கு உரிமையில்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்துப் போட்டது. அவர் வழக்காடினார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியதைத் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. காலண்டரில் உங்கள் கையெழுத்தை வெட்டியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் நான். பங்கேற்புக் கட்டணம் கட்டினால் வெளிநாட்டுக் கண்காட்சியில் இடமும் விருதும் தருவதாக அழைப்பு வந்திருக்கிறது. — சென்னை

கட்டாதீர்கள். வங்கியில் இப்படி ஒரு திட்டத்தோடு யாராவது வந்திருந்தால் நீங்களே வெளியே அனுப்பியிருப்பீர்கள். அதே பணத்தில் உள்ளூரில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு அரங்கை வாடகைக்கு எடுங்கள்.

பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் கதைப்படம் வரைகிறேன். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. — விழுப்புரம்

குறையும். 'ஏதாவது ஒரு படம்' போதும் என்று இருந்தவர்கள் போய்விட்டார்கள், திரும்ப மாட்டார்கள். பின்கொசுவம் வைத்துக் கட்டிய பாட்டியோ, உங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயில் தீமிதியோ வேண்டும் என்பவருக்கு இன்றைக்கும் இயந்திரம் சரியாகத் தருவதில்லை. அவர்களைத் தேடுங்கள். படத்துக்கு இவ்வளவு என்பதோடு, எத்தனை பதிப்புக்கு என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அசல் தாள்களைத் திருப்பி வாங்கிவிடுங்கள். அவை பின்னாளில் தனியாக விலைபோகும்.

வயது 24. சிற்பம் படித்து முடித்தேன். உதவித்தொகை ஏதும் உண்டா? — கும்பகோணம்

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு வயது வரம்பு 18 முதல் 25. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். 25-ஐத் தாண்டினால் 40 வயதுவரை இளநிலை ஃபெல்லோஷிப், மாதம் 10,000, அதுவும் இரண்டு ஆண்டுகள். முதலாவதற்கு உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது, ஆகவே அறிவிப்பு வருகிறதா என்று இப்போதிருந்தே பாருங்கள். இரண்டாவதற்கு ஓர் ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும். சிற்பிகள் பலர் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். 'சோழர் கால வெண்கலங்கள்' என்று தலைப்பு எழுதினால் தேர்வுக்குழு கொட்டாவி விடும். சுவாமிமலை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மெழுகு வார்ப்புக்குக் காவிரி வண்டலை எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்ற ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு எழுதுங்கள்.