பிள்ளையின் தொடை எலும்பு முறிவு: கேள்வி பதில்

வாழைச்சேனையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 4 வயது. தொடை முறிந்து இடுப்பிலிருந்து பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கம்பி போட்டார்களே, டொக்டர்?

அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது, தங்கச்சி? 8, 9 இருக்கும். எலும்பின் நடுப்பகுதி முறிந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது வயதும் நிறையும்தான். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை பெரும்பாலும் பிளாஸ்டர். 5 முதல் 11 வரை வளையும் கம்பி. அதற்கு மேலே, அல்லது நிறை 50 கிலோவைத் தொட்டால், தடித்த கம்பியோ பிளேட்டோ. உங்கள் மகனுக்கு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி ஒட்டினாலும் பயமில்லை. இந்த வயதில் முறிந்த கால் மற்றதைவிட ஏறக்குறைய 1 சென்ரிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாப்பா: 9 வயது மகளுக்கு நாளைக்கு அந்தக் கம்பி. வளைகிற கம்பி எப்படித் தாங்கும்?

நல்ல கேள்வி. 1980ஐ ஒட்டிப் பிரான்சின் நான்சி நகரில் உருவான முறை இது. முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் சிறிய வெட்டு. அதன் வழியே டைட்டேனியம் கம்பிகள் இரண்டை, வில்லாக வளைத்து, எலும்பின் குழாய்க்குள் மேல்நோக்கிச் செலுத்துவோம். ஒவ்வொரு கம்பியின் தடிப்பும் குழாயின் ஒடுங்கிய இடத்தின் அகலத்தில் 40 வீதம் அளவு இருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சுவரை அழுத்துவதால் எலும்பு நேராக நிற்கும். முறிந்த இடத்தைப் பெரும்பாலும் திறப்பதில்லை. சின்ன அசைவு மிஞ்சும்; புது எலும்பு உருவாக அதுவே உதவி. முழங்காலையொட்டிய வளர்ச்சித் தட்டை மட்டும் தொடக்கூடாது. தொடை எலும்பின் நீளத்தில் 70 வீதம் அங்கிருந்துதான் வருகிறது. கம்பி நுனி முழங்காலில் உறுத்தும் என்று மகள் சொல்வாள். அது வழமை. 6 முதல் 12 மாதத்துக்குள் எடுத்துவிடுவார்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர்: எங்கள் ஊர் நாட்டு வைத்தியர், பரியாரியார், எண்ணெயும் பத்தும் வைத்து எத்தனையோ பிள்ளைகளை நடக்க வைத்தவர். வெட்டுவதுதான் வைத்தியமா?

ஐயா, நடக்க வைத்தது பரியாரியார் அல்ல, பிள்ளையின் எலும்பு. சிறு பிள்ளையின் எலும்பு யார் கட்டினாலும் ஒட்டும். வளைந்து ஒட்டுமா, திரும்பி ஒட்டுமா என்பதுதான் கேள்வி. வளைவு வளர்ச்சியில் ஓரளவு நிமிரும். பாதம் திரும்பி நிற்கும்படி ஒட்டினாலோ அது அவ்வளவாக நேராகாது.

அதே ஆள்: அப்போ ஆஸ்பத்திரியில் பிழையே நடப்பதில்லையா?

நடக்கும். பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தடித்த கம்பியைத் தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள குழி வழியே பிழையாகப் போட்டால் தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டுத் தலையே செத்துப்போகலாம். அதனால்தான் வெளிப்பக்க மேட்டின் வழியே போடுகிறோம். எங்கள் பிழைகளைப் பட்டியலிட எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இறுக்கிக் கட்டிய கட்டை நான் மன்னிக்கமாட்டேன். விரல் குளிர்ந்து, வெளிறி, விரலை நீட்டினாலே பிள்ளை அலறினால் கட்டை உடனே அவிழ்த்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஒருசில மணித்தியாலத்தில் தசை சாகத் தொடங்கும். எங்கள் பிளாஸ்டருக்கும் இதே விதிதான்.

ஏறாவூரிலிருந்து: அப்போ பரியாரியாரிடம் போகவே கூடாதா?

எக்ஸ்ரே எடுத்த பிறகு, சுளுக்குக்குப் போங்கள். தொடைக்கு வேண்டாம். இந்த வாதம் இத்தோடு போதும்.

செங்கலடியிலிருந்து: கம்பியை எடுக்க வேண்டுமா?

மேலே இருக்கிறது.

திருக்கோவிலிலிருந்து: எலும்பு சூப் குடித்தால் வேகமாக ஒட்டுமா?

சாதாரணச் சாப்பாடு போதும்.

காத்தான்குடியிலிருந்து: 8 மாதக் குழந்தைக்குத் தொடை முறிவு. டொக்டர்மார் துருவித் துருவிக் கேட்கிறார்கள், அவமானமாக இருக்கிறது.

நடக்காத குழந்தைக்குத் தொடை முறிவது அரிது, தங்கச்சி. யாராவது நோகடித்தார்களா என்று கேட்பது கடமை. கோபிக்காமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடிக்காரர் மறுபடியும்: கம்பியை எடுக்க...

ஐயா, மேலே இருக்கிறது. அப்புறம், பிள்ளையை மோட்டார் சைக்கிள் டாங்கியில் இருத்திக்கொண்டு போகிறவர்கள் யாரும் என்னிடம் கம்பி பற்றிக் கேட்க வேண்டாம்.

பொத்துவிலிலிருந்து: எனக்கு 42 வயது, முழங்கால் சவ்வு...

நான் பிள்ளைகளின் தொடையோடு நிற்கிறேன். கிளினிக்குக்குப் போங்கள்.