கோபுரமில்லாத ஆலயம், தனித்த கல்லறைத் தோட்டம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மேற்கு வேல்ஸில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி, புல்வெளிகளுக்கு நடுவே, அரசுத் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவர்களின் வழிபாட்டுக் கூடமான சேப்பல் ஒன்றைக் கண்டேன். கோபுரமோ சிலுவையோ இல்லை. நீண்ட முன்சுவரின் இரு ஓரங்களிலும் கதவுகள், நடுவில் இரண்டு உயரமான சன்னல்கள். பார்வைக்குப் பண்ணைவீடு போலவே இருந்தது. வழிபாட்டுக்குரிய இடத்தை ஏன் இப்படிக் கட்டினார்கள்?

பதில்: அந்த இரண்டு சன்னல்களுக்கும் இடையில், உட்புறச் சுவரை ஒட்டித்தான் பிரசங்க மேடை அமைந்திருக்கும். சபையார் அதன் மூன்று பக்கங்களிலும் அமர்ந்து, போதகரின் முகத்தைப் பார்த்தபடி, அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கேட்க வேண்டும் என்பதே கட்டடத்தின் நோக்கம். ஊருக்குரிய ஆங்கிலிக்கன் கோயிலான பங்கு ஆலயத்தில் எல்லாரும் கிழக்கே பலிபீடத்தை நோக்கி அமர்வார்கள். இங்கே பலிபீடம் இல்லை, வேதவாசிப்பும் பிரசங்கமுமே நடுநாயகம். மேடைக்குக் கீழே மூப்பர்களுக்கென்று தடுப்பு வைத்த ஓர் இடம் உண்டு. வேல்ஸ் மொழியில் அதற்குப் 'பெரிய இருக்கை' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது.

பண்ணைவீட்டுச் சாயல் வந்ததற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அரசின் ஆங்கிலிக்கன் திருச்சபையை ஏற்காதவர்கள் தமக்கென வழிபாட்டு இடம் வைத்துக்கொள்ள 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம்தான் வழிவிட்டது. அதற்கு முன் அவர்கள் வீடுகளிலும் களஞ்சியங்களிலும் மறைவாகக் கூடினார்கள். சட்டம் வந்த பிறகும் அந்தக் கட்டட வடிவத்தையே தொடர்ந்தார்கள். வை ஆற்றங்கரையில் கிளாஸ்பரி அருகேயுள்ள மாயசுரோனென் சேப்பல், 1690களில் ஒரு பண்ணையின் பழைய தொழுவத்தை மாற்றி அமைத்தது. லின் தீபகற்பத்தில் நான்ஹோரன் அருகே 1770ஆம் ஆண்டையொட்டி எழுந்த கப்பெல் நெவித், மண் தரையும் மரத்தடுப்பு இருக்கைகளுமாக இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

நீங்கள் வர்ணிக்கும் முகப்புக்கு மிக அழகான எடுத்துக்காட்டு, ட்ரெகாரனுக்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவில் 1822இல் கால்வினிய மெதடிஸ்டுகள் என்ற, அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்த பிரிவினர் கட்டிய 'மலைச் சோவார்' சேப்பல். சிதறிக் கிடந்த ஆட்டுப் பண்ணைகளிலிருந்து மக்கள் குதிரையேறி வர வேண்டியிருந்ததால், வழிபாட்டுக் கூடம், குடியிருக்கும் வீடு, குதிரை லாயம் மூன்றையும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். இவற்றை வெறும் எளிய கட்டடங்கள் என்று சொல்லிக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. தேவையை இவ்வளவு தெளிவாக உணர்ந்து கட்டிய இடங்கள் அரிது.

சோவார், பெத்தேல், எபெனேசர், ஓரேப் என்று பெயர்கள் எல்லாம் வேதாகமத்திலிருந்தே வந்தவை. குவினெத் பகுதியிலுள்ள பெதஸ்தா என்ற ஊர், தன் சேப்பலின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்டது. 1851ஆம் ஆண்டின் சமயக் கணக்கெடுப்பின்போது வேல்ஸில் ஏறக்குறைய 2,800 சேப்பல்கள் இருந்தன. அதன்பின் வந்த பலவற்றில் வாசல் குறுகிய சுவருக்கு மாறியது. முகப்பில் தூண்களும் பெரிய வளைவுகளும் ஏறின. நெற்றியில் பதித்த கல்வெட்டில், முதலில் கட்டிய ஆண்டு, திரும்பக் கட்டிய ஆண்டு, விரிவாக்கிய ஆண்டு என மூன்று தேதிகள்கூட இருக்கும். சபை வளர்ந்த கதையை அந்த ஒரு கல்லிலேயே படித்துவிடலாம்.

கேள்வி: அருகிலேயே பங்கு ஆலயமும் அதற்குரிய கல்லறைத் தோட்டமும் இருக்க, சேப்பலைச் சுற்றித் தனியாக ஏன் அடக்கம் செய்தார்கள்?

பதில்: 1880 வரை பங்கு ஆலயத் தோட்டத்தில் அடக்கம் செய்வதானால், ஆங்கிலிக்கன் குருவானவர் தம் சபையின் முறைப்படியே சடங்கை நடத்துவார். வாழ்நாள் முழுவதும் வேறு சபையில் பாடி, ஜெபித்து வாழ்ந்தவருக்குத் தம் போதகரின் குரல் கடைசி நேரத்தில் மறுக்கப்பட்டது. அதனால்தான் இடமிருந்த சபைகள் சேப்பலை ஒட்டியே நிலம் ஒதுக்கின. 1880ஆம் ஆண்டின் அடக்கச் சட்டத் திருத்தம், 48 மணி நேரத்துக்கு முன் எழுத்துமூலம் தெரிவித்தால் பங்குத் தோட்டத்திலும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று அனுமதித்தது.

சட்டம் வந்தும் பிணக்கு ஓயவில்லை. 1888இல் லான்வ்ரோத்தென் என்ற ஊரில் கல்சுரங்கத் தொழிலாளி ஒருவர், தம் மகளின் கல்லறைக்கு அருகே, தம் சபையின் முறைப்படி அடக்கமாக விரும்பி இறந்தார். அந்த நிலம் ஆங்கிலிக்கன் முறைக்கு மட்டுமே உரியது என்று ஒரு பத்திரத்தைக் காட்டிக் குருவானவர் மறுத்துவிட்டார். குடும்பத்தினர் 25 வயது வழக்கறிஞர் ஒருவரை நாடினார்கள். வாயில் பூட்டியிருந்தால் உடைத்தாவது உள்ளே சென்று அடக்கம் செய்யுங்கள் என்று அவர் அறிவுரை கூறினார், அப்படியே நடந்தது. வட்டார நீதிபதி குருவானவர் பக்கம் தீர்ப்பளித்தார், லண்டனில் நடந்த மேல்முறையீட்டில் குடும்பம் வென்றது. அந்த வழக்கறிஞர்தான் 1916இல் பிரிட்டனின் பிரதமரான டேவிட் லாயிட் ஜார்ஜ். வேல்ஸில் ஆங்கிலிக்கன் திருச்சபை அரசு மதம் என்ற தகுதியை இழப்பதற்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: அந்தக் கல்லறைகளில் ஆங்கிலமே காணோம். என்னதான் எழுதியிருக்கும்?

பதில்: 'எர் கோவ் அம்' என்று தொடங்கினால் 'நினைவாக' என்று பொருள். இடையில் 'ஹெவிட்' என்ற சொல் வந்தால், 'மேலும்' என்று சொல்லி, அதே கல்லில் மனைவியையோ பிள்ளையையோ பிற்காலத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று அறியலாம். ஜோன்ஸ், டேவிஸ், எவான்ஸ் என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வருவதால், இறந்தவரை அடையாளம் காட்டுவது பெயருக்குக் கீழே பொறித்த பண்ணையின் பெயர்தான். குடும்ப வரலாறு தேடுவோருக்கு அந்த ஒரு வரி பொன்னுக்குச் சமம். வேல்ஸின் ஸ்லேட் கல் நுண்ணிய அடுக்குகள் கொண்டது. அதில் வெட்டிய எழுத்து நூறாண்டு மழைக்குப் பிறகும் கூர் மழுங்காமல் நிற்கும்.

கல்லின் அடியில் நான்கு அடிகள் தனியாக இருந்தால், அவசியம் நின்று பாருங்கள். அது 'எங்லின்' என்னும் மரபுக் கவிதையாக இருக்கக்கூடும். 10, 6, 7, 7 என மொத்தம் 30 அசைகள். அடிக்குள் மெய்யொலிகள் ஒன்றுக்கொன்று ஒத்திசைக்க வேண்டும். நான்கு அடிகளுக்கும் ஒரே இயைபு. வெண்பாவின் கட்டுப்பாட்டை அறிந்த நமக்கு அதன் அருமை எளிதில் விளங்கும். மலையோரத்தில் ஆடு மேய்த்து மறைந்த ஒருவருக்கு, அவரை அறிந்த உள்ளூர்க் கவிஞரே அதை எழுதிக் கொடுத்திருப்பார்.